பாதி மூச்சில் வைத்த பலகை

எங்கள் வீட்டு பாத்ரூம் சுவர் மூச்சு விடத் தொடங்கியது, என் மகள் மிலாவை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த அன்று மத்தியானம். அவளுக்கு அப்போது ஒரு வயது முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, நெஞ்சில் இளைப்பு, மருந்துப் புகை பிடிக்க வைத்த முகமூடியின் தடம் கன்னத்தில் இன்னும் சிவப்பாக இருந்தது, அவளைத் தொட்டிலில் கிடத்திவிட்டுக் கை கழுவப் போனபோது, குழாய்க்குப் பின்னால் இருந்த சுவர் மெதுவாக என் பக்கமாக உப்பி வந்து, ஒரு கணம் நின்று, மெதுவாகப் பின்வாங்கியது, பின்வாங்கும்போது மெல்லிய விசில் சத்தம் ஒன்று கேட்டது, தொட்டிலில் கிடந்தவளின் நெஞ்சில் கேட்கும் அதே விசில், அதே நேரத்தில், ஒரு நூல் முன்னே பின்னே இல்லாமல். நான் கான்வென்ட்டில் படித்தவள். ஆள் இருக்கிற அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சிஸ்டர்மார் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே "சாரி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

சாயங்காலத்துக்குள் டைல்ஸ் விழ ஆரம்பித்தது. சுவர் உப்பும்போது ஒன்று, வாங்கும்போது ஒன்று என்று, நீலப் பூப் போட்ட டைல்ஸ் எல்லாம் தரையில் விழுந்து உடைந்தன, நான் உள்ளே போய்ப் பொறுக்கினேன், பொறுக்கப் பொறுக்க விழுந்தன. என் வீட்டுக்காரர் லெரின் கப்பலில் இருந்தார், எந்தக் கடலில் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, வீட்டில் நானும் பிள்ளையும் மட்டும், தூத்துக்குடியில் கடலுக்கு மூன்றாவது தெருவான செபஸ்தியார் குருசடித் தெருவில், பாத்ரூமின் அந்தச் சுவரே பக்கத்துச் சந்துக்கு வெளிச்சுவராகவும் இருக்கிற மாதிரிக் கட்டிய வீட்டில்.

மறுநாள் வந்த கொத்தனார் சுவரைப் பார்த்தார், உள்ளங்கையை வைத்தார், கையை எடுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இது மூச்சு விடுத சுவர்லா."

"ஆமாண்ணே. டைல்ஸ் திரும்ப ஒட்ட முடியுமா?"

"ஒட்டலாம், நிக்காது. டைல்ஸுன்னா சுவர் செத்துக் கிடக்கணும். இது உசிரோட இருக்கு. வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் குழாயில் வாஷர் தேய்ந்திருப்பதைப் பார்த்து, சும்மா மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் மிலாவின் முதுகில் குழலை வைத்துக் கேட்டுக்கொண்டே, "வீட்ல ஈரச் சுவர் இருக்கா, கறுப்பா பூஞ்சை பூத்திருக்கா?" என்றார். இருக்கிறது, டைல்ஸ் விழுந்த இடமெல்லாம் பூத்திருக்கிறது, பாத்ரூமுக்கு அடுத்த அறையில்தான் பிள்ளையின் தொட்டில், ஆனால் அது மூச்சு விடுகிற சுவர் டாக்டர் என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மூச்சு விட்டா விடட்டும்மா. ஈரம் ஆகாது. மழை தொடங்குறதுக்குள்ள மூடிருங்க. இன்னொரு தடவை இதே மாதிரி இழுத்தா இந்தச் சின்ன நெஞ்சு தாங்காது."

அந்த வார்த்தை என்னோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டது, வீட்டுக்கு வந்தது, சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்தது. ஐப்பசிக்கு அதிக நாள் இல்லை.

லெரின் அந்த வாரம் போனில் வந்தபோது நான் அழுதேன், அழுததற்கு சாரி சொன்னேன், அவர், "பெனி, கப்பல்ல ஆபீசர்மார் குளிக்கிற ரூம்ல ஒரு பலகை போட்டிருக்கான், கல்ச்சர்டு மார்பிள்னு பேரு. மார்பிள் தூளையும் ரெசின்ங்கிற பிசினையும் கலந்து வார்க்கிறது. ஒரு சுவருக்கு ஒரே பலகை, நடுவுல கோடே கிடையாது. கோடு இல்லன்னா பூஞ்சைக்கு உக்கார இடமில்ல" என்றார். அவரே எங்கிருந்தோ பேசி ஏற்பாடு செய்தார். லாரியில் வந்து இறங்கின, கம்பளியில் சுற்றிய பெரிய வெள்ளைப் பலகைகள், பாலில் சாம்பல் கரைத்து ஊற்றியது போல உள்ளே ஓடைகள் ஓடின, நடுஹாலில் சுவரோரம் சாய்ந்து நின்றுகொண்டு வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப் போல எதற்கோ காத்திருந்தன. பொருத்த ஆள் கேட்டுக் கம்பெனிக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "பலகை எங்களோடது மேடம், ஆள் உங்களோடது" என்றது. "தேங்க்யூ" என்று சொல்லித்தான் வைத்தேன்.

ஆள் கிடைக்காத அந்த நாட்களில்தான் தெருவுக்குச் சுவர் பழகியது.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு தெக்கிளா மைனி. உப்புக் கம்பெனி ஆபீசில் வேலை பார்ப்பவர், வீட்டுக்காரர் கடலில் போய்த் திரும்பாமல் பல வருஷம் ஆயிற்று, பேச்சில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். சுவரில் காதை வைத்துக் கேட்டார், பிறகு மிலாவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார், இரண்டு பக்கமும் மாறி மாறிக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஏட்டி பெனீட்டா, இங்க பாரு. புள்ளைக்கு வரவேண்டிய இளைப்புல பாதியை இந்தச் சுவரு வாங்கிக்கிட்டிருக்கு. ஆஸ்பத்திரில கேட்ட சத்தத்துக்கு இப்ப பாதிதான் கேக்கு. மிச்சம் இங்க இருக்கு."

"சுவர் எதுக்கு மைனி வாங்கணும்?"

"நீ ஒத்தையா கெடந்து முழிக்கியே, பாத்துக்கிட்டுச் சும்மா இருக்குமா? வீடுன்னு எதுக்குட்டி பேரு?"

அதற்கு மேல் காரணத்தை யாரும் தேடவில்லை. பாத்ரூமில் நின்று குளிக்க முடியாமல் ஆனதால், நாங்கள் இரண்டு பேரும் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் குளித்தோம். எந்தக் கிழமை எந்த வீடு என்று அவர்களே பேசிக்கொண்டார்கள், நான் கேட்கவில்லை, கேட்கிற தைரியம் எனக்குக் கிடையாது, காலையில் யாராவது ஒருத்தி வாசலில் வந்து நின்று, "தண்ணி காஞ்சாச்சு, வாரியளா" என்பாள், போனால் நொச்சி இலை போட்ட வெந்நீரும், வெயிலில் காய்ந்த துண்டும், பிள்ளைக்கு என்று தனியாக வாங்கி வைத்த சோப்பும் இருக்கும். தெருவில் உள்ள எல்லார் வீட்டுக் குளியலறையும் எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். யார் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, யார் வீட்டு வாளியில் ஓட்டை, யார் சோப்பைத் தேய்ந்து மெழுகாகும்வரை விடுவதில்லை எல்லாம் தெரியும், ஒன்றையும் யாரிடமும் சொன்னதில்லை.

சந்துப் பக்கம் வேறு மாதிரி. மீன் கூடையோடு போகிறவர்கள் சந்து வழியாகப் போகும்போது கூடையை இடுப்புக்கு இறக்கிவிட்டு, ஒரு கையைச் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். சுவர் நிதானமாக இருந்தால் என் வாசலில் வந்து பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கமாட்டார்கள், சுவரின் மூச்சு விரைந்தால் கூடையை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவருவார்கள். யாரோ ஒருவர் இரவோடு இரவாகச் சுவரில் தைலம் தேய்த்துவிட்டுப் போயிருந்தார், யார் என்று இன்றுவரை தெரியாது. சந்து முனையில் பிரியாணிக் கடை வைத்திருக்கிற மீரான் காக்கா, புகை சுவரில் அடிக்கிறது என்று கண்டு, கடைப் புகையை வெளியே தள்ளுகிற விசிறியைக் கழற்றி எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார், அந்தப் பக்கம் அவருடைய சொந்த வீட்டு ஜன்னல் இருந்தது. அவர் மனைவி ஜன்னலில் நின்று இருமிக்கொண்டே, "மூச்சு விட நாங்களுந்தான் இருக்கோம்" என்று சத்தம் போட்டதும், "நீ பெரிய ஆளு, முந்தானைய மூக்குல வைச்சுக்கோ" என்று அவர் திருப்பிச் சத்தம் போட்டதும் எனக்குக் கேட்டது, நான் போய் அவர்கள் இரண்டு பேரிடமும் தேங்க்யூ சொன்னேன். "இந்தப் புள்ள எதுக்கெடுத்தாலும் தேங்க்யூங்குது" என்று அந்த அக்கா சிரித்துக்கொண்டே மறுபடி இருமினார்.

எலெக்‌ஷன் நேரம் வந்தது. சந்துச் சுவரை ஒரு கட்சிக்காரர்கள் எப்போதோ பிடித்து வைத்திருந்தார்கள். வாளியும் தூரிகையுமாக வந்தவர்கள் முதல் எழுத்தை வரைந்தபோது சுவர் வாங்கியது, எழுத்து நெளிந்தது, திரும்ப வரைந்தார்கள், திரும்ப நெளிந்தது. விஷயம் கேள்விப்பட்டதும் தலைவர் பெயர் எழுதக் கொண்டுவந்த அதே சிவப்புச் சாயத்தில், சுவரில் படாமல் பக்கத்து மின்கம்பத்தில், 'இச்சுவரில் எழுத வேண்டாம், குழந்தை தூங்குகிறது' என்று எழுதிவிட்டுப் போனார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து படித்துவிட்டு, அடியில், 'நாங்களும் அதையே சொல்கிறோம்' என்று எழுதினார்கள்.

ஆனால் பலகையை வைக்க ஆள் இல்லை. திருநெல்வேலியிலிருந்து ஒருவர் வந்தார், பெரிய பெரிய வீடுகளுக்குச் சமையலறை அலமாரி மாட்டுகிறவர், இஸ்திரி போட்ட சட்டை, கையில் சிவப்புக் கோடு அடிக்கிற லேசர் மெஷின். கோடு சுவரில் விழுந்தது, அலை போல ஏறி இறங்கியது. அவர் மெஷினைத் தட்டினார், பேட்டரியை மாற்றினார், மறுபடி அடித்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு என் பக்கம் திரும்பி, "மேடம், மெஷின் சரியாத்தான் இருக்கு. அளவெடுக்கிற வரைக்கும் சுவரைக் கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்கச் சொல்ல முடியுமா?" என்றார். கேட்டால் தப்பில்லையே என்று நான் சுவரைப் பார்த்து "ப்ளீஸ்" என்றேன். சுவர் நின்றது. அப்படியே அசையாமல் நின்றது. அவர் சந்தோஷமாக டேப்பை எடுத்தார், நானோ, ஐயோ, சுவர் நின்றால் பிள்ளையின் மூச்சும் நிற்குமே என்று ஹாலுக்கு ஓடினேன். மிலா பாயில் உட்கார்ந்து, வாயைத் திறந்து, கண்ணைச் சுருக்கி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தொடுவதற்குள் தும்மினாள். பாத்ரூமில் சுவரும் தும்மியது. மிச்சமிருந்த டைல்ஸும், லேசர் மெஷினும், திருநெல்வேலிக்காரரும் ஒன்றாக விழுந்த சத்தம் கேட்டது. அவர் சட்டையைத் தட்டிக்கொண்டு, பிள்ளையின் தலையைத் தொட்டு, "நூறு வயசு" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாகை மர நிழலில் தெரு இரண்டாகப் பிரிந்து பேசிற்று. ஒரு பக்கம், சுவரை மூடினால் சுவருக்கு மூச்சு முட்டும், முட்டினால் அது வாங்கி வைத்திருக்கிற பாதி இளைப்பும் பிள்ளைக்கே திரும்பிவிடும் என்றது. இன்னொரு பக்கம், மூடாமல் விட்டால் மழை வரும், ஈரம் வரும், பூஞ்சை ஏறும், டாக்டரம்மா சும்மாவா சொன்னார் என்றது. இரண்டு பேச்சும் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் பயம். மூடினாலும் என் பிள்ளை, மூடாவிட்டாலும் என் பிள்ளை. நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் மூச்சு என் கழுத்தில் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

வழி காட்டியது தெக்கிளா மைனியின் மூக்கு. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், ஹாலில் நின்ற பலகையின் பின்பக்கத்தை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"ஏட்டி, இதுல என் வீட்டுக்காரர் வாசனைலா அடிக்கி."

"மைனி?"

"வள்ளத்த கரையில ஏத்தி ஓட்டை அடைச்சிட்டு வந்தாவோன்னா அவ்வோ சட்டையில இந்த வாசனைதான் அடிக்கும். நீ கொத்தனாரத் தேடுத. இது கல்லுமில்ல மண்ணுமில்லட்டி. இது வள்ளம். பைபர் வள்ளம் செய்யுத சாமான்ல வார்த்தது. வள்ளக்காரனக் கூப்பிடு."

திரேஸ்புரத்துக் கரையில் பைபர் வள்ளம் கட்டுகிற கஸ்பார் அண்ணன் இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். வரும்போதே தெரு முனையிலிருந்து அவர் குரல் வந்தது, அவர் பின்னால் வந்தார். தன்னை விட்டால் இந்தக் கரையில் ரெசினைத் தொடத் தகுதியுள்ளவன் இல்லை என்பது அவர் எண்ணம், அதை அவர் ஒளித்து வைப்பதில்லை.

"பலகையப் பாத்தேன். வார்த்தவன் கத்துக்குட்டி, பரவால்ல. சுவரு எங்க?"

காட்டினேன். சுவர் உப்பியது, வாங்கியது. அவர் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கா எல்லாவனும் பயந்து ஓடுனான்? ஏம்மா, நான் கட்டுன வள்ளம் எல்லாம் கடல்ல கெடந்து இப்படித்தான ஏறி எறங்குது? அசையாததுமேல ஒட்டத் தெரிஞ்சவனுக்கு இது கஷ்டந்தான்."

"ஒட்ட முடியுமாண்ணே? சுவருக்கு ஒண்ணும் ஆகாதே? பிள்ளைக்கு?"

"முழு மூச்சுல வைச்சா, சுவர் வாங்கும்போது பசை பிய்யும். வெறும் மூச்சுல வைச்சா, உப்பும்போது பலகை வெடிக்கும். பாதி மூச்சுல வைக்கணும். புள்ள நல்லா அசந்து தூங்கணும், மூச்சு ஒரே சீரா வரணும், அப்பத்தான் பாதி எங்கன்னு எனக்குத் தெரியும். பகல்ல எப்ப தூங்குவா?"

"மத்தியானம். சத்தம் இருந்தா முழிச்சுருவா."

"சத்தத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றார் கஸ்பார் அண்ணன், அந்தத் தெருவிலேயே பெரிய சத்தம் அவருடையதுதான் என்பது தெரியாமல்.

புதன்கிழமை மத்தியானம் செபஸ்தியார் குருசடித் தெருவில் நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பசை வாசனை பிள்ளைக்கு ஆகாது என்று மிலாவை எதிரே தெக்கிளா மைனி வீட்டு உள்ளறையில் படுக்க வைத்தோம், ஜன்னல்களைச் சாத்தினோம், ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துப் புகை மெஷினைப் பக்கத்தில் வைத்தோம், நான் அவள் காலடியில் உட்கார்ந்தேன். அவள் கண் சொருகியதும் மைனி வாசலில் போய் நின்று முந்தானையை ஒரு வீசு வீசினார். தெரு நின்றது. மீரான் காக்கா கடையில் யாரும் அண்டாவில் கரண்டியைத் தட்டவில்லை. ஸ்கூல் வேன் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு, பிள்ளைகளை இறக்கி, எல்லாருமாக வேனைத் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போனார்கள், ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. பங்குச் சாமியார் பன்னிரண்டு மணி மணியை அடிக்காமல் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார் என்று பிறகு சொன்னார்கள். நாய்கள் ஏன் குரைக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. அந்த அமைதிக்குள் மிலாவின் மூச்சு மட்டும் போய் வந்தது, சந்துச் சுவரின் மூச்சு மட்டும் போய் வந்தது, இரண்டும் ஒரே அலை இரண்டு கரையில் ஒதுங்குவது போல இருந்தது.

எங்கள் வீட்டு பாத்ரூமுக்குள் கஸ்பார் அண்ணனும் மீரான் காக்காவும் இன்னும் இரண்டு பேரும் பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தார்களாம். பலகையின் முதுகில் பசையை மொத்தமாகப் பூசாமல் அங்கங்கே கொழுக்கட்டை கொழுக்கட்டையாக வைத்திருந்தாராம். கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, சுவரோடு சேர்ந்து அவரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாராம். திடீரென்று கண்ணைத் திறந்து, வாழ்நாளில் முதல்முறையாகக் கிசுகிசுத்தாராம்: "இப்ப."

பலகை போய் உட்கார்ந்தது. சுவர் உப்பியது, பலகையும் கூடவே உப்பியது. வாங்கியது, கூடவே வாங்கியது. மற்ற இரண்டு சுவரும் சாதாரணச் சுவர், சொன்ன பேச்சைக் கேட்டன. மைனி வாசலில் நின்று சைகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து என்னிடம், "நின்னுட்டுட்டி! நின்னுட்டு!" என்றார், நான் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கஸ்பார் அண்ணன் வள்ளக்காரர். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இடுக்கு என்றால் எதிரி, ஒரு நூல் இடுக்கில் ஒரு குடும்பமே மூழ்கியதைப் பார்த்தவர்கள், ஆகவே அவர் இடுக்கடைக்கிற சிலிகான் பசையை எடுத்துப் பலகையின் நாலு ஓரமும் அடைத்தார், மூலையெல்லாம் விரலால் இழுத்து அடைத்தார், கீழே, பக்கத்தில், கூரையோடு சேருகிற மேல் ஓரத்திலும் சொட்டுக் காற்று போக விடாமல் அடைத்தார், சுற்றி நின்றவர்களும் அவரைப் போன்றவர்கள்தானே, "அந்தா அங்க ஒரு இடம் விட்டுட்டிய" என்று தேடித் தேடிக் காட்டிக்கொடுத்தார்கள். கடைசி இடுக்கும் மூடியபோது எல்லாரும் சத்தமில்லாமல் கைதட்டினார்கள்.

எதிர்வீட்டில் என் கண் முன்னால் மிலாவின் மூச்சு நின்றது.

நெஞ்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. விலா எலும்புக்கு நடுவே தோல் குழிந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தாள், சத்தம் இல்லை. மைனி முகமூடியை எடுத்து அவள் முகத்தில் வைத்தார், "ஓடுட்டி! சுவருக்கு முட்டுது! நான் பாத்துக்கிடுதேன், நீ ஓடு!" என்றார். போகிற வழியில் அவர் அடுப்படியில் கிடந்த மீன் கத்தி என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது.

பாத்ரூம் வாசலில் எல்லாரும் பலகையைப் பார்த்து ரசித்துக்கொண்டு நின்றார்கள். பலகை அசையவில்லை. பளபளவென்று, அழகாக, அசையாமல் நின்றது.

"வழி விடுங்க!" என்றேன். ப்ளீஸ் சொல்லவில்லை.

கஸ்பார் அண்ணன் கத்தியைப் பார்த்தார். "ஏ, என் வேலையில கத்தி வைக்கியா? நான் அடைச்சதுல இதுவரை ஒருத்தன்—"

"என் புள்ள மூச்சு விடல!"

அடுத்த நொடி அவர் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். "மேல வெட்டு. மேல! கீழ வெட்டுனா தண்ணி உள்ள போவும், கூரை ஓரமா வெட்டு, ஒரு கோடி தொட்டு மறு கோடி வரைக்கும்" என்று கத்திக்கொண்டே என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார், நான் கத்தியைச் செருகி இழுத்தேன், ஈரச் சிலிகான் வெள்ளைப் புழு போலச் சுருண்டு என் முகத்தில் விழுந்தது, மூலை வரை இழுத்தேன்.

சுவர் மூச்சு விட்டது. நீளமான, வெதுவெதுப்பான மூச்சு, சேறும் பழைய சிமெண்டும் தைலமும் கலந்த வாசனை, என் நெற்றி முடியைப் பின்னால் தள்ளியது. பலகை மெதுவாக வாங்கியது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தெருவைத் தாண்டி, சாத்திய ஜன்னலைத் தாண்டி, மிலாவின் அழுகை வந்தது, தொண்டை கிழிகிற அழுகை, கோபமான அழுகை, மூச்சு நிறைய இருக்கிறவர்களால் மட்டுமே அழ முடிகிற அழுகை. அதைக் கேட்டதும் தெரு முழுக்கச் சத்தம் போட ஆரம்பித்தது, கரண்டியும் ஹாரனும் கோயில் மணியும் ஒன்றாக, மணியடித்தது சாமியாரேதான்.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். "சுவரை மூடிட்டீங்களா?" "மூடிட்டோம் டாக்டர். மேல மட்டும் திறந்திருக்கு." "நல்லது. எதுக்கும் கொஞ்சம் திறப்பு இருக்கட்டும்" என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கஸ்பார் அண்ணன் இரண்டு நாள் கரைப் பக்கம் தலை காட்டவில்லையாம். மூன்றாம் நாள் வந்து, வெட்டிய மேல் ஓரத்தைப் பிசிர் இல்லாமல் சீவி, அதுவும் தன்னுடைய யோசனைதான் என்று எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் ஸ்டூலைத் தள்ளாவிட்டால் நான் கீழேதான் வெட்டியிருப்பேன். ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். பேர் வைக்காமல், சாமியார் வந்து அர்ச்சிக்காமல், தன் கையால் செய்த ஒன்றையும் தண்ணீரில் விடுகிற வழக்கம் தனக்கு இல்லை என்றார். "வள்ளம் வேற, பாத்ரூம் வேறண்ணே" என்றேன். "தண்ணி ஒண்ணுதானம்மா" என்றார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியாரும் தெருவும் எங்கள் பாத்ரூமுக்கு வந்தார்கள், உள்ளே இடமில்லாதவர்கள் ஹாலில், ஹாலில் இடமில்லாதவர்கள் சந்தில். என்ன பேர் என்று கஸ்பார் அண்ணன் தூரிகையோடு கேட்டார். கொத்தனார் மாற்றிய வாஷர், கிழமைக்கு ஒரு வீட்டில் காய்ந்த வெந்நீர், இருமிய அக்கா, இழுத்துப் பிடித்த மணிக் கயிறு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவில் வந்தன, "சகாயம்" என்று மட்டும் வாயில் வந்தது. பலகையின் ஒரு மூலையில் நீலத்தில் எழுதினார். சாமியார் தீர்த்தம் தெளித்தார், பலகை மெல்ல உப்பி அதை வாங்கிக்கொண்டது.

நான் மிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷவரைத் திறந்தேன். தண்ணீர் பலகையில் இறங்கியது. இறங்கும்போது பலகை உப்பியதால் ஒதுங்கி ஓடியது, வாங்கியதால் நடுவே கூடி ஓடியது, சாம்பல் ஓடைகளின் மேல் நிஜ ஓடைகள் வளைந்து வளைந்து ஓடின. மிலா கையை நீட்டினாள். தண்ணீர் விலகியது. திரும்ப நீட்டினாள், தண்ணீர் வந்து விரலைத் தொட்டுவிட்டு ஓடியது. அவள் சிரித்தாள்.

அவள் பலமாகச் சிரித்தால் இருமல் வரும், இருமினால் இழுக்கும் என்று நான் இத்தனை நாளும் அவளுக்கு முன்னால் யாரையும் விளையாட்டுக் காட்ட விட்டதில்லை, நானும் காட்டியதில்லை, ஆகவே அவளுடைய முழுச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. வயிற்றிலிருந்து வந்தது. மூச்சு வாங்கி மறுபடி சிரித்தாள், அந்த மூச்சில் விசில் இல்லை, நான் காதை அவள் நெஞ்சில் வைத்துக் கேட்டேன், இல்லை, இன்னும் சிரித்தாள், தலையைப் பின்னால் சாய்த்துக் கெக்கலி கொட்டிச் சிரித்தாள், எங்களுக்கு எதிரே பலகை குலுங்க ஆரம்பித்தது. சுவர் சிரித்தது. சோப்புப் பெட்டி விழுந்தது, ஷவர் ஆடி எல்லார் மேலும் தண்ணீர் அடித்தது, சாமியாரின் அங்கி நனைந்தது, சந்தில் சுவரோடு சாய்ந்து நின்றவர்களுக்கு முதுகில் கிச்சுக்கிச்சு மூட்டியது போல அவர்களும் சிரிக்கத் தொடங்கினார்கள், தெக்கிளா மைனி கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சிரித்தார். கஸ்பார் அண்ணன் மட்டும் இரண்டு கையாலும் பலகையைத் தாங்கிப் பிடித்தபடி கதறினார்.

"ஏ பெனீட்டா! சிரிக்க வைக்காதம்மா, ஓரமெல்லாம் விட்டுரும்! போதும்! சிரிக்க வைக்காத!"

நான் கேட்கவில்லை. மறுபடியும் அவள் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் நீட்டினேன்.